டார்க் போட்டான் எப்படி டார்க் மேட்டரா இருக்க முடியும்?

நீங்க கேட்டதை முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், அப்பதான் இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். டார்க் மேட்டர்ங்கிறது (கண்ணுக்குத் தெரியாம, ஈர்ப்பு வழியா மட்டும் தன்னைக் காட்டிக்கிற பொருள்) "டார்க் போட்டான்"ங்கிற ஸ்பின் 1 துகளா (ஸ்பின்னா ஒரு துகளோட உள்ளார்ந்த சுழற்சி அளவு) இருக்கலாம்னு ஒரு வீடியோவுல பார்த்திருக்கீங்க. போட்டான்னா ஒளி தானே, ஒளி எப்படி ஒரு கேலக்ஸியைச் சுத்தித் தேங்கி நிக்கும்னு கேக்கறீங்க. அதோட, ஸ்பின் 1 துகள்னா நமக்குத் தெரிஞ்ச டபிள்யூ, இசட் (வலுவற்ற அணுக்கரு விசையைக் கடத்துற துகள்கள்) எல்லாம் பொறந்த உடனே சிதைஞ்சு போகுதே, இது மட்டும் எப்படி 1380 கோடி வருஷம் தாங்கும், விம்ப் (கனமான, அரிதா மோதற துகள்), ஆக்சியான் (ரொம்ப லேசான துகள்)னு ஏற்கனவே ஆளுங்க இருக்கும்போது இது எதுக்குன்னும் கேட்டிருக்கீங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா நீங்க கேக்கறது ஒரே விஷயம்தான்: விசையைக் கடத்துற வகைத் துகள் ஒண்ணு பொருள் மாதிரி நடந்துக்க முடியுமா? முடியும். ஆனா அதுக்கு நிறை வேணும், அந்த நிறை எங்கிருந்து வந்துச்சுங்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்றோமோ அதைப் பொறுத்துதான் மாடலோட தலையெழுத்தே. நான் இந்தத் துறையில மாடல் கட்டி, அதை சோதனை டேட்டாவோட ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையில பல வருஷமா இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன்.

உறுதியா தெரிஞ்சது எதுன்னு முதல்ல பார்த்துடலாம், அது ரொம்ப கொஞ்சம். 1933-ல ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்துல இருக்கிற கேலக்ஸிகளோட வேகத்தைப் பார்த்து நிறை பத்தலைன்னு சொன்னது, 1970-ல வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவோட சுழற்சி வேகத்தை அளந்தது, அப்புறம் பிளாங்க் செயற்கைக்கோள், பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துல இருந்து மிஞ்சின பின்னணிக் கதிர்வீச்சை வச்சு பிரபஞ்சத்துல இருக்கிற பொருள்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் இந்த வகைன்னு ஒரு சதவீதத் துல்லியத்துல கணக்குப் போட்டது, இதெல்லாம் சந்தேகமில்லாம நிக்குது. ஆனா இது அத்தனையும் ஈர்ப்பு விசை சொல்றது, ஈர்ப்புக்கு ஸ்பின் 0, ஸ்பின் அரை, ஸ்பின் 1 எல்லாம் ஒண்ணுதான். அதனால டார்க் மேட்டரோட ஸ்பின் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஸ்பின் பத்தி வானியல் கொடுக்கிற ஒரே குறிப்பு, துகள் ஃபெர்மியானா (ஸ்பின் அரை வகை) இருந்தா அதோட நிறை சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (துகளோட நிறையைச் சொல்ற அலகு) கீழ போக முடியாது, பாலி விதிப்படி (ரெண்டு ஃபெர்மியான் ஒரே நிலையில இருக்க முடியாது) குட்டி கேலக்ஸிகளுக்குள்ள அத்தனை துகளை அடைக்க இடம் பத்தாது (1979-ல டிரெமெய்னும் கன்னும் சொன்ன வாதம் இது). போசான்னா (ஸ்பின் முழு எண்ணா இருக்கிற துகள்) அந்தத் தடை கிடையாது, 10⁻²² எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரைக்கும் இறங்கலாம். வெக்டர் துகள், அதாவது ஸ்பின் 1 துகள், போசான்தான். அதனால விளையாட மைதானம் பெருசு, அந்தக் கோடியில இருந்து புரோட்டானை விட ஆயிரம் மடங்கு கனம் வரைக்கும் போகலாம்.

ஒளி மாதிரி ஓடிடாதாங்கிறதுக்கு வர்றேன். சாதாரண போட்டான் நிறை இல்லாதது, அதனாலதான் ஒளி வேகத்துல மட்டும்தான் போகும், நிக்கவே நிக்காது. நிறை இருக்கிற ஸ்பின் 1 துகளுக்கு சமன்பாடு எழுதினவர் ருமேனியாவுல பொறந்த அலெக்சாண்ட்ரு ப்ரோகா, 1936-ல. நிறை வந்துட்டா அது எலக்ட்ரான் மாதிரி மெதுவாவும் போகலாம், நம்ம கேலக்ஸியில டார்க் மேட்டர் சராசரியா ஒளி வேகத்துல ஆயிரத்துல ஒரு பங்குலதான் சுத்துது, அப்படி சுத்துற வெக்டர் துகள் கூட்டம் ஈர்ப்புல கட்டுப்பட்டு நிக்கிறதுக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா நிறையோட கூடவே இன்னொண்ணும் வருது, இதைத்தான் பெரும்பாலான வீடியோவுல விட்டுடறாங்க. ஒளிக்கு ரெண்டே போலரைசேஷன் (அலை அதிர்ற திசை). நிறை உள்ள வெக்டருக்கு மூணு. மூணாவது, அது போற திசையிலேயே அதிர்றது, நீளவாட்டு போலரைசேஷன்னு வச்சுக்கோங்க. இது ஆற்றல் ஏற ஏற, ஆற்றலை நிறையால வகுத்தா என்ன வருமோ அந்த அளவுல பெருசாகிட்டே போகும், ஒரு கட்டத்துல நிகழ்தகவு ஒண்ணைத் தாண்டற மாதிரி அபத்தமான விடை கொடுக்கும். டபிள்யூ போசானுக்கும் இதே சிக்கல் இருந்துச்சு, அதைக் காப்பாத்தினது ஹிக்ஸ் (துகள்களுக்கு நிறை கொடுக்கிற புலம், அதோட துகள்தான் ஹிக்ஸ் போசான்). டார்க் வெக்டருக்கும் ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அதுக்குன்னு தனியா ஒரு டார்க் ஹிக்ஸ். இன்னொண்ணு எர்ன்ஸ்ட் ஸ்டூக்கல்பெர்க் 1938-ல கொடுத்த வழி, அதுல ஹிக்ஸ் துகள் இல்லாமலே நிறை வைக்கலாம், ஆனா யூ-1 வகை விசைக்கு (மின்காந்தம் மாதிரி, கடத்துற துகள் ஒண்ணே ஒண்ணு உள்ளது) மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யும். இந்த ரெண்டுல எதுன்னு மனசுல வச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

சிதைஞ்சு போகாதாங்கிற கேள்வி ரொம்ப சரியான கேள்வி. டபிள்யூவோட ஆயுள் சுமார் 3×10⁻²⁵ நொடி. காரணம், அதைவிட லேசான துகள்கள் நிறைய இருக்கு, அதுங்களோட நல்ல வலுவா ஒட்டுது, தடுக்கிற விதி எதுவும் இல்ல. டார்க் மேட்டர் வேணும்னா ஒண்ணு தடுக்கிற விதி வேணும், இல்லைன்னா ஒட்டுற அளவு கண்ணுக்கே தெரியாத சின்னதா இருக்கணும். முதல் வழி கனமான வெக்டர்களோட வழி, ரெண்டாவது லேசான வெக்டர்களோட வழி.

கனமான பக்கத்தை எடுத்துக்குவோம். சும்மா ஒரு புது யூ-1 விசையைச் சேர்த்தா உடனே ஒரு பிரச்சனை வரும், 1986-ல பாப் ஹோல்டம் காட்டின மாதிரி ரெண்டு யூ-1 (நம்ம மின்காந்தம் ஒண்ணு, புதுசு ஒண்ணு) இருந்தா அதுங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அந்தக் கலப்பு வழியா டார்க் வெக்டர் நம்ம எலக்ட்ரான், குவார்க்கோட பேச ஆரம்பிச்சு சிதைஞ்சு போயிடும். இதைத் தடுக்க பல பேர் ஒரு பாரிட்டி சிமெட்ரியைப் போடுவாங்க, வெக்டரோட குறியை மாத்தினா கோட்பாடு மாறக்கூடாதுன்னு. அப்ப ஒத்தை வெக்டர் சிதையவே முடியாது, கலப்பும் தடைபட்டுடும். வேலை செய்யும், ஆனா கையால வச்ச விதி அது. 2008-ல தாமஸ் ஹாம்பி காட்டின மாடல் எனக்கு இதைவிட ரொம்பப் பிடிக்கும். யூ-1-க்குப் பதிலா எஸ்.யூ-2 (கடத்துற துகள் மூணு உள்ள விசை வகை) எடுத்து, அதை ஒரு டார்க் ஹிக்ஸ் டப்ளட் (ரெண்டு கூறு உள்ள ஹிக்ஸ்) வச்சு முறிச்சா, ஒரே நிறையுள்ள மூணு வெக்டர் கிடைக்குது, அந்த மூணையும் ஒண்ணுக்கொண்ணு சுழட்டற ஒரு சிமெட்ரி தானா வந்து நிக்குது, நாம எதையும் கையால போட வேண்டியதில்ல. எஸ்.யூ-2 போட்டானோட நேரடியா கலக்கவும் முடியாது. புரோட்டான் எப்படி யாரும் விதி போடாமலே நிலையா இருக்கோ அந்த மாதிரி ஒரு நிலைப்பு இது. மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசறதால, ரெண்டு மோதி ஒரு வெக்டரும் ஒரு ஹிக்ஸும் வர்ற நிகழ்வும் நடக்கும், அதனால ஆரம்ப பிரபஞ்சத்துல எவ்வளவு மிச்சம் நிக்கும்ங்கிற கணக்கு வழக்கமான விம்ப்ல இருந்து மாறும். ஆமா, இது விம்ப் வகைதான், ஸ்பின் மட்டும் வேற. இதே குடும்பத்துல கூடுதல் பரிமாண மாடல்ல வர்ற கலூசா-கிளைன் போட்டான் (2002-ல ஜெரால்டின் சர்வான்ட், டிம் டெய்ட் கணக்கு ரொம்பப் பிரபலம்), லிட்டில் ஹிக்ஸ் மாடல்ல வர்ற கன போட்டான் எல்லாம் உண்டு. எல்.ஹெச்.சி-யில (ஜெனீவா பக்கம் இருக்கிற பெரிய துகள் மோதுக்கருவி) புதுத் துகள் எதுவும் அகப்படாததால அதுங்க மேல இருந்த ஆர்வம் இப்ப குறைஞ்சுடுச்சு.

இந்தக் கன வெக்டர் நம்மளோட பேசற வாசல் ஹிக்ஸ் போசான். இங்கதான் நிறை எங்கிருந்து வந்துச்சுங்கிற கேள்வி முதல் தடவையா கடிக்குது. 2011 வாக்குல பலரும் எளிமையா ஒரு மாடல் எழுதினாங்க: வெக்டர், ஹிக்ஸ், நடுவுல ஒரு கப்ளிங் (எவ்வளவு வலுவா ஒட்டுதுங்கிற எண்), அவ்வளவுதான், வெக்டருக்கு நிறையை அப்படியே கையால வச்சாச்சு. வெக்டர் நிறை ஹிக்ஸ் நிறையான 125 ஜி.இ.வி.-ல (ஒரு ஜி.இ.வி. நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) பாதிக்குக் கீழ இருந்தா ஹிக்ஸ் ரெண்டு வெக்டரா சிதையலாம், டிடெக்டர்ல ஒண்ணும் தெரியாம போயிடும். அந்த சிதைவு வீதத்தைக் கணக்குப் போட்டா வெக்டர் நிறையோட நாலாம் அடுக்கு கீழ வந்து நிக்குது, அதாவது கப்ளிங்கை அப்படியே வச்சுட்டு நிறையைக் குறைச்சுட்டே போனா வீதம் முடிவில்லாம ஏறுது. நிறைய பேர் அதை அப்படியே எடுத்து, எல்.ஹெச்.சி கொடுத்த வரம்பை வச்சு பூமிக்கடியில நடக்கிற சோதனைகளோட ஒப்பிட்டு, லேசான வெக்டருக்கு பிரமாதமான கட்டுப்பாடு கிடைச்சுடுச்சுன்னு கோடு போட்டாங்க. ஆனா அந்த ஏற்றம் நீளவாட்டு போலரைசேஷனோட வேலை, கோட்பாடு முழுசா இல்லைங்கிறதோட அறிகுறி. 2012-ல பியுங்வோன் கோவும் அவரோட கூட்டாளிகளும் டார்க் ஹிக்ஸையும் சேர்த்து முழுசா எழுதிப் பார்த்தாங்க. டார்க் ஹிக்ஸ் இருந்தா நிறையும் கப்ளிங்கும் தனித்தனி எண்ணே இல்ல, ஒரே இடத்துல இருந்து வர்றது, நிறை குறைஞ்சா ஹிக்ஸோட இருக்கிற தொடர்பும் கூடவே குறையும், அதனால சிதைவு வீதம் ஒரு அளவான எண்ணுலயே நின்னுடும். இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது, இப்ப ரெண்டு ஹிக்ஸ் இருக்கு, ரெண்டும் கலக்குது, அணுக்கருவோட மோதும்போது ரெண்டு ஹிக்ஸோட பங்களிப்பும் எதிரெதிர் குறியில வருது. ரெண்டோட நிறையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டு சிக்னலே காணாம போகும். ஆக, சுருக்கி எழுதின மாடலை வச்சு செத்துப் போச்சுன்னு சொன்ன பகுதிகள் முழு மாடல்ல உயிரோட இருக்கலாம், உயிரோட இருக்குன்னு சொன்னது செத்திருக்கலாம். இப்பவும் ஹிக்ஸ் போர்ட்டல் (ஹிக்ஸ் வாசல்) பிளாட்ல "வெக்டர்"னு ஒரு கோடு பார்த்தீங்கன்னா அது எந்த மாடல்னு கீழ சின்ன எழுத்துல என்ன போட்டிருக்காங்கன்னு கட்டாயம் பாருங்க.

இன்னிக்கு நிலைமை என்னன்னா, ஹிக்ஸ் கண்ணுக்குத் தெரியாம சிதையற பங்கு 10.7 சதவீதத்துக்கு மேல இருக்க முடியாதுன்னு 2023-ல எல்.ஹெச்.சி-யோட அட்லஸ் சோதனை சொல்லியிருக்கு, நமக்குத் தெரிஞ்ச இயற்பியல்ல அது நியூட்ரினோ வழியா 0.1 சதவீதம்தான் இருக்கணும், நடுவுல இன்னும் இடம் இருக்கு. சவுத் டகோட்டாவுல ஒண்ணரை கிலோமீட்டர் ஆழத்துல 7 டன் செனான் வச்சிருக்கிற எல்.இசட் சோதனை 2024-ல 280 நாள் டேட்டாவை வெளியிட்டுச்சு, ஒண்ணும் கிடைக்கல. எளிமையான வெக்டர் மாடல்ல பெரும்பகுதி இதுல போயிடுச்சு. மிஞ்சினது மூணு இடம்: வெக்டர் நிறை ஹிக்ஸ் நிறையில சரியா பாதிக்குப் பக்கத்துல இருக்கிறது, நான் மேல சொன்ன, ரெண்டு ஹிக்ஸும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிற இடம், அப்புறம் டி.இ.வி. (ஆயிரம் ஜி.இ.வி.) அளவுக்குப் போற கனமான பகுதி. இது வெறும் சந்து பொந்துன்னு சிலர் சொல்வாங்க, நான் அப்படி நினைக்கல, எஸ்.யூ-2 மாடல்ல டி.இ.வி. பகுதி ரொம்ப இயல்பாவே வருது.

இப்ப லேசான பக்கம், வீடியோவுல நீங்க பார்த்தது அனேகமா இதுதான். இங்க ஹோல்டம் சொன்ன கலப்பைத் தடுக்கறதில்ல, ரொம்ப ரொம்ப சின்னதா வச்சுக்கறாங்க. டார்க் போட்டானோட நிறை ரெண்டு எலக்ட்ரானோட நிறைக்கு, அதாவது 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ இருந்தா எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடியா சிதைய முடியாது. ரெண்டு போட்டானா சிதையலாமேன்னு தோணும், ஸ்பின் 1 துகள் அப்படி சிதைய முடியாதுன்னு லாண்டாவும் யாங்கும் 1948-50 வாக்குல காட்டிட்டாங்க. மூணு போட்டானா மட்டும்தான் முடியும், அந்த வீதம் நிறையோட ஒன்பதாம் அடுக்குல போகுது. அதனால நிறையைக் கொஞ்சம் இறக்கினாலே ஆயுள் பிரபஞ்ச வயசை எங்கேயோ தாண்டிப் போயிடும். நியூட்ரினோவா சிதையற வழி இருக்கு, ஆனா வெறும் கலப்பு மட்டும் இருக்கிற மாடல்ல அது இன்னும் மோசமா அமுங்கிடும். ஆக எந்த சிமெட்ரியும் இல்லாம, பேசறதே கம்மிங்கிற ஒரே காரணத்தால நிலையா இருக்கிற துகள் இது.

இந்த வகையில சமீபத்துல நடந்த ஒரு விஷயம் நினைவு வச்சுக்க வேண்டியது. 2020-ல இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கடியில இருந்த செனான்1டி சோதனை, 1-ல இருந்து 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் 232 நிகழ்வு எதிர்பார்த்த இடத்துல 285 பார்த்துச்சு. உடனே 2-ல இருந்து 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு டார்க் போட்டான் எலக்ட்ரானால விழுங்கப்படுதுன்னு பேப்பர் மேல பேப்பர் வந்துச்சு, கணக்கும் பொருந்துச்சு, கலப்பு 10⁻¹⁵ அளவு இருந்தா போதும். 2022-ல அதே குழு பெரிய, சுத்தமான செனான்என்டி-யை ஓட்டிப் பார்த்தப்ப அந்த மிகுதி இல்ல, முன்னாடி வந்தது டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கலப்படமா இருந்திருக்கலாம். மாடல் தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்த நிறையில அந்த அளவு கலப்பு இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம்.

இன்னும் லேசா போனா, சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ, ஒரு துகளோட அலைநீளத்துக்குள்ள கோடிக்கணக்கான துகள் ஏறி உக்காந்திருக்கும், அப்ப துகள்னு யோசிக்கிறதை விட எங்கும் பரவி அதிர்ற ஒரு புலம்னு யோசிக்கிறது சரி. அதிர்வெண்ணை நிறை முடிவு பண்ணும், ஒரு மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்னா சுமார் 240 மெகா ஹெர்ட்ஸ், ரேடியோ அலைவரிசை. இந்தப் புலம் முதல்ல எப்படி அதிர ஆரம்பிச்சுதுங்கிறதுதான் இந்தப் பக்கத்துல இருக்கிறதிலேயே கஷ்டமான, சுவாரசியமான கேள்வி. ஆக்சியானுக்கு விடை சுலபம்: ஆரம்பத்துல ஊஞ்சலை இழுத்துப் பிடிச்ச மாதிரி புலம் ஒரு மதிப்புல மாட்டிக்கிட்டு நிக்கும், பிரபஞ்ச விரிவு மெதுவானதும் விடுபட்டு ஆட ஆரம்பிக்கும். 2011-ல ஆன் நெல்சனும் ஜாகுப் ஷால்ட்ஸும் வெக்டருக்கும் இதே வழின்னு எழுதினாங்க. ஆனா வெக்டருக்கு திசை இருக்கு, பிரபஞ்சம் விரிய விரிய அதோட ஆற்றலும் விரிவு அளவோட ரெண்டாம் அடுக்குல நீர்த்துப் போகும், இன்ஃப்ளேஷன் (ஆரம்பத்துல பிரபஞ்சம் அதிவேகமா விரிஞ்ச காலம்) முடியறதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. இதைச் சரி பண்ண காலவெளி வளைவோட ஒரு தனி கப்ளிங் சேர்க்கணும், சேர்த்தா நீளவாட்டு போலரைசேஷனுக்கு எதிர்மறை ஆற்றல் வந்து கோட்பாடே நிலைகுலையற அபாயம் இருக்கு. அதனால இந்த வழியை நான் நம்பறதில்ல.

2015-ல பீட்டர் கிரகாம், ஜெரிமி மார்டன், சுர்ஜீத் ராஜேந்திரன் மூணு பேரும் கண்டுபிடிச்சது வேற. சாதாரண ஒளியோட ரெண்டு போலரைசேஷனையும் பிரபஞ்ச விரிவு உண்டாக்காது, மேக்ஸ்வெல் சமன்பாட்டுக்கு விரிவு கண்ணுலயே படாது. நீளவாட்டு போலரைசேஷன் மட்டும் ஆற்றல் அதிகமா இருக்கும்போது ஒரு ஸ்கேலார் (ஸ்பின் 0 புலம்) மாதிரி நடந்துக்கும், இன்ஃப்ளேஷன் அதைக் கிளப்பி விடும். வேற எதுவும் வேண்டாம், ஈர்ப்பும் நிறையும் போதும், நம்மளோட கலப்பு பூஜ்யமா இருந்தாக்கூட டார்க் மேட்டர் உருவாகிடும். பெரிய தூர அளவுல அந்த ஏற்ற இறக்கம் தானா அடங்கிடறதால பிளாங்க் டேட்டாவோட மோதாது. அளவு சரியா வரணும்னா இன்ஃப்ளேஷனோட ஹபிள் வீதம் (பிரபஞ்சம் விரியற வீதம்) 10¹⁴ ஜி.இ.வி. இருந்தா நிறை 6 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், வீதம் குறைஞ்சா நிறை நாலாம் அடுக்குல ஏறும். இப்ப பைசெப்/கெக் (தென்துருவத்துல பின்னணிக் கதிர்வீச்சை அளக்கிற தொலைநோக்கிகள்) கொடுத்திருக்கிற வரம்பை அதுல போட்டா நிறை சுமார் 10⁻⁴ எலக்ட்ரான் வோல்ட்டோ அதுக்கு மேலயோ வரணும். இவ்வளவு தெளிவான கணிப்பு இந்தத் துறையில ரொம்ப அரிது, எனக்கு இதுல உண்மையான மரியாதை உண்டு.

ஆனா பாருங்க, இந்தக் கணக்கு மொத்தமும் இன்ஃப்ளேஷன் நேரத்திலேயே நிறை இருந்துச்சுன்னு எடுத்துக்குது. ஸ்டூக்கல்பெர்க்னா சரி. நிறை டார்க் ஹிக்ஸ்ல இருந்து வந்திருந்தா? 2022-ல வில்லியம் ஈஸ்டும் ஜுன்வூ ஹுவாங்கும் காட்டினது, புலம் அடர்த்தியா இருந்த ஆரம்ப காலத்துல அந்த அடர்த்தியே டார்க் ஹிக்ஸைக் கலைச்சுடும், சூப்பர்கண்டக்டர்ல உருவாகிற மாதிரி சுழல் நூல்கள் உருவாகி, வெக்டர்ல இருந்த ஆற்றலை அதுங்க உறிஞ்சிடும், டார்க் மேட்டரா மிஞ்ச வேண்டியது மிஞ்சாது. இதைத் தவிர்க்கணும்னா டார்க் விசையோட கப்ளிங்கை ரொம்பச் சின்னதா வைக்கணும், அது சின்னதானா நம்மளோட இருக்கிற கலப்பும் இயல்பா சின்னதாகும், அப்ப சோதனைங்க தேடிட்டு இருக்கிற இடத்துல பெரும்பகுதிக்கு எளிமையான காரணம் இல்லாம போகும். கனமான பக்கத்துல பார்த்த அதே கேள்வி இங்கயும் வந்து நிக்குது. இதுல இன்னும் விவாதம் முடியல, ஆக்சியான் ஒண்ணு அதிர்ந்து தன் ஆற்றலை டார்க் போட்டானுக்குக் கொடுக்கிற மாதிரி 2018-ல சில குழுக்கள் கொடுத்த வழியும் இருக்கு.

தேடற பக்கம் நான் டிடெக்டர் ஆள் இல்ல, பேப்பர் படிக்கிற அளவுக்குத்தான். எடை மிகக் குறைஞ்ச 10⁻¹³ எலக்ட்ரான் வோல்ட் பக்கம், பேரியான் எண் (புரோட்டான், நியூட்ரானோட எண்ணிக்கை) மாதிரி ஒரு சார்ஜோட ஒட்டுற வெக்டர்னா, ஈர்ப்பலையைப் பிடிக்கிற லைகோ கருவியோட கண்ணாடிகளையே அது மெல்ல ஆட்டும், அதனால ஈர்ப்பலை டேட்டாவுலயே தேடியிருக்காங்க, கிடைக்கல. மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் சியாட்டில்ல இருக்கிற ஏ.டி.எம்.எக்ஸ் மாதிரி குகைக் கருவிகள் (உள்ள ரேடியோ அலை ஒத்ததிர்ற உலோக அறைகள்). அதுங்க ஆக்சியானுக்காகக் கட்டினது, ஆனா வரம்பை டார்க் போட்டானுக்கும் மாத்தி எழுதலாம், மாத்தும்போது ரெண்டு இடத்துல ஜாக்கிரதை வேணும். ஒண்ணு, புலத்துக்கு திசை இருக்கு. பிரபஞ்சம் பூராவும் ஒரே திசையா, இல்ல இடத்துக்கு இடம் மாறுதாங்கிறது அது எப்படி உருவாச்சுங்கிறதைப் பொறுத்தது. திசை நிலையா இருந்தா பூமி சுத்தச் சுத்த கருவி அதுக்கு நேரா வரும், விலகும், சிக்னல் நட்சத்திர நாள் (நட்சத்திரங்களை வச்சுப் பார்த்தா பூமி ஒரு சுத்து சுத்தற நேரம்) கணக்குல ஏறி இறங்கும், கொஞ்ச நேரமே அளந்திருந்தா அது மறைஞ்சிருந்த நேரத்துல அளந்திருக்கக்கூடும். ரெண்டாவது, ஆக்சியான் போட்டானா மாற காந்தப்புலம் கட்டாயம், டார்க் போட்டானுக்கு வேண்டாம். ஆக்சியான் தேடறவங்க சந்தேகமான ஒரு சிக்னல் வந்தா காந்தத்தை அணைச்சுப் பார்ப்பாங்க, அப்பவும் இருந்தா வெளி ரேடியோ இரைச்சல்னு தள்ளிடுவாங்க. டார்க் போட்டானா இருந்தா அது அப்பவும் இருக்கத்தான் செய்யும். அதனால இந்த சோதனையைப் பண்ணின டேட்டாவை வச்சு டார்க் போட்டான் வரம்பு போடக்கூடாதுன்னு 2021-ல கபுட்டோ, மில்லர், ஓஹேர், விட்டாக்லியானோ நாலு பேரும் விளக்கமா எழுதியிருக்காங்க. அப்படித் தள்ளின பழைய சிக்னல்களைத் திரும்ப எடுத்து, நட்சத்திர நாள் கணக்குல ஏறி இறங்குதான்னு பார்க்கிற வேலை செய்ய வேண்டிய வேலைன்னு நான் நினைக்கிறேன், புதுக் கருவி கூட அதுக்குத் தேவையில்ல.